மஞ்சள் முடிச்சில் சிவப்புக் கறை

அத்தியாயம் 7

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நிரபராதியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். காலை பத்தரை மணிக்கு எங்கள் பாஸ் கோகுலகிருஷ்ணன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அதுவும் அவருக்கு வந்த பத்திரிகை இல்லை. திருப்பதியில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் ரமணாவின் மேஜையில், யாரோ வைத்துவிட்டுப் போனது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சிவசங்கரி. புத்தூர்க்காரி. சித்தூரில் இருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீசில் மூன்று வருடமாக உதவியாளர். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலை. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன்.

"சார், பொண்ணு வீட்டுக்காரங்க யாருன்னு தெரிஞ்சிச்சா? மொய் எழுதிட்டுப் போலாமா?" என்றேன்.

பாஸ் நிமிரவில்லை. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் யமுனா உட்கார்ந்திருந்தாள். நாகலாபுரத்துப் பெண். வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போகிறவள். விடிந்ததும் முதல் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி சித்தூருக்கு வந்து எங்கள் கதவைத் தட்டியிருந்தாள். அவள் புருஷன் தரணி வாடகைக் கார் டிரைவர். இப்போது உள்ளே லாக்கப்பில் இருக்கிறான். கொலை முயற்சி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலை நடத்துகிறவர் பாலசுந்தரம். வயது அறுபத்திரண்டு. ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தா. போன வருடம் இதயத்தில் ஆபரேஷன் ஆனபோது, பிழைத்தால் ஏழுமலையானுக்குக் காணிக்கை என்று வேண்டிக்கொண்டு, ஒரு பவுன் காசை மஞ்சளில் தோய்த்த துணியில் முடிந்து பூஜை அறையில் வைத்திருந்தார். நேற்று மத்தியானம் அந்த முடிச்சோடு, பட்டு வேட்டி, மேல்துண்டு சகிதமாக, தரணியின் காரில் தனியாகத் திருமலைக்குப் புறப்பட்டார். மலைமேல் கார் நிறுத்தும் இடத்தில், குடிக்க வெந்நீர் வாங்கி வரச் சொல்லி தரணியை அனுப்பினார். தரணி திரும்பி வந்து பார்த்தால், காருக்குப் பக்கத்திலேயே நடைபாதைக் கல்லில் தலை மோதி, பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார்.

மேலே கட்டுப் போட்டவர்கள் உடனே கீழே கொண்டுபோ என்றார்கள். தரணி அவரைப் பின்சீட்டில் கிடத்தி, மலை இறக்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பாலசுந்தரம் இன்னமும் கண் திறக்கவில்லை. போலீஸ் வந்து காரைச் சோதித்தபோது முன்சீட்டுக்கு அடியில் அந்த மஞ்சள் துணி அகப்பட்டது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. பவுன் காசு உள்ளேயே இருந்தது. துணியில் ஐந்தாறு சிவப்புத் திட்டுகள்.

இன்ஸ்பெக்டர் ரமணா முட்டாள் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. அவர் கணக்கு சுத்தமாக இருந்தது. வேண்டுதல் முடிச்சை உண்டியலில் போடுகிறவரைக்கும் வீட்டு ஆள் எவரும் அவிழ்க்கமாட்டார்கள். ஆகவே அவிழ்த்தது வெளியாள். பெரியவர் பார்த்துவிட்டார், டிரைவர் தள்ளிவிட்டான், கையில் பட்ட ரத்தத்தை அதே துணியில் துடைத்தான். லேப் ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் தரணி ஜெயிலில் இருப்பான்.

பாஸ் பத்திரிகையைக் கீழே வைத்தார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிளைப் பார்த்து, கொஞ்சம் சுண்ணாம்பு கிடைக்குமா என்று கேட்டார். கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பிறகு கொடுத்தார். பாஸ் அதை விரல் நுனியில் தொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பத்திரிகையின் மஞ்சள் மூலையில் தடவினார்.

மூலை சிவந்தது.

"ஆரத்தி கரைக்கிற வீட்ல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார் பாஸ். "நேத்து சாயங்காலம் பட்ட ரத்தம் இந்நேரம் காஞ்சு கருப்பாயிருக்கணும். உங்க துணியில இருக்கறது இன்னும் செங்கல் நிறத்துல இருக்கு. அது ரத்தம் இல்ல சார். மஞ்சளோட சுண்ணாம்பு மாதிரி ஏதோ காரச் சரக்கு சேர்ந்திருக்கு."

அந்தத் துணி இருந்த பிளாஸ்டிக் உறையின் வாயைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். நான் முகர்ந்தேன். மாம்பழ வாசம். பழத்தின் வாசமில்லை, மாம்பழ மிட்டாய் வாசம்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஏமண்டி, அந்த ஆள் மாம்பழ ஃபேக்டரி ஓனர். அவர் வேட்டி, துண்டு, வீட்டு நாய்கூட மாம்பழ வாசம்தான் அடிக்கும். சுண்ணாம்பு வெச்சு நீங்க காட்டினது வித்தை. அந்தத் துணி மேல என்ன கொட்டிச்சுன்னு கொண்டுவந்து காட்டுங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம். அப்புறம் அவன் ரிமாண்டு."

தரணியிடம் பேச இரண்டு நிமிடம் கொடுத்தார். தரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன். முட்டியை மடக்க முடியவில்லை என்றான். இரண்டு முட்டியும் வீங்கி, பேன்ட் இறுகிப் போயிருந்தது. ராத்திரி லத்தி வேலை செய்திருக்கிறது.

அவன் சொன்னதில் மூன்று விஷயம் பாஸ் குறித்துக்கொண்டார். மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் சிகரெட், மது இருக்கிறதா என்று பைகளை எல்லாம் துழாவியவர்கள், மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மலைமேல் வெந்நீர் வாங்க அனுப்பும்போது பெரியவர், ஒன்றும் அவசரமில்லை, நிதானமாகவே வா என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவதை தரணி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"போன மாசம் ஐயாவோட மாப்ள சுனில் சாரை ஏர்போர்ட்ல இருந்து இட்டுக்கினு வந்தேன் சார். வண்டிக்குள்ள ஒரு பேனா மாதிரி வெச்சிக்கினு பொக உட்டுக்கினே வந்தாரு. மிட்டாய் வாசன. ஐயாவுக்குச் சொல்லாதன்னாரு."

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேனா மாதிரி இருக்கும், புகை வரும், வாசனை வரும். நாட்டில் தடை செய்த சாமான், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்கிற மின்சிகரெட். வேப்.

யமுனாவிடம் விசாரித்தோம். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஹைதராபாத்தில் வேலை. இன்று காலை விமானத்தில் வந்து இறங்கினார், ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை, மத்தியானம் ரெண்டு நாற்பது விமானத்தில் திரும்பிப் போகிறாராம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த தொழிற்சாலை வண்டி டிரைவர் அவளுக்குப் போனில் சொன்னது.

"மாமனார் ஐ.சி.யூ.ல, மாப்ள ஏர்போர்ட்லயா" என்றேன். "நல்ல குடும்பம் சார்."

யமுனாவையும் ஏற்றிக்கொண்டு ரேணிகுண்டா விமான நிலையத்துக்குக் காரை விட்டேன். புறப்படும்போதே மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

வழியில் பாஸ் தன் யோசனையைச் சொன்னார். திருமலையில் கடைகளில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். கீழே ஒட்டிக் கிடக்கிற பாக்கெட் மேலே உப்பிப்போய் நிற்கும். சின்ன வயதில் நான், மலைமேல் விற்கிறதில் சிப்ஸ் அதிகம் என்று நினைத்து அடம்பிடித்து வாங்கி ஏமாந்தவள்.

உயரம் போகப் போக வெளியே காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று உப்புகிறது என்றார் பாஸ். வேப்புக்குள் ஒரு சின்னத் தொட்டி, அதில் பாதி லிக்விட், பாதி காற்று. உயரத்தில் அந்தக் காற்று விரிந்து லிக்விடை வெளியே தள்ளும். விமானத்திலும் ஒழுகும். அந்த லிக்விடில் இருக்கும் நிகோடினும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான், மஞ்சளில் பட்டால் சிவக்கும்.

"அப்ப சுனில் நேத்தே விமானத்துல வந்துட்டாரு" என்றேன். "ஒழுகுற வேப்பை பாக்கெட்ல வெச்சிக்கினு மாமனாரை மலைமேல பார்த்தாரு. முடிச்சைக் கையில எடுத்தாரு. சண்டை."

"அப்படித்தான் தோணுது" என்றார் பாஸ். தோணுது என்று அவர் சொன்னால் முக்கால்வாசி முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம். பின்சீட்டில் யமுனா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ரேணிகுண்டா மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. இருபத்தைந்து நிமிடம் போயிற்று. நான் ஹாரனை அடித்த அடியில் பக்கத்து ஆட்டோக்காரர் தெலுங்கில் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். விமான நிலைய வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று நாற்பது. சுனில் வாசல் கதவருகே காவலரிடம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் உள்ளே போயிருப்பார்.

நான் ஓடிப்போய் அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மாமனார் விஷயம், வரிசையை விட்டு வெளியே வாங்க என்றேன். மனிதன் வெளுத்துப்போனார். முப்பத்தைந்து வயதிருக்கும், தூங்காத கண்கள்.

பாஸ் நேராக வேப்பைக் காட்டச் சொன்னார். சுனில் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்து, பெட்டியின் ஓரத்திலிருந்து ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே வேப். தொட்டி காலி. சுத்தமாகத் துடைத்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்திருந்தது.

"மூணு வருஷம் முன்ன துபாய்ல இருந்து வரும்போது வெள்ளைச் சட்டைப் பாக்கெட்ல ஒழுகித் தொலைச்சுது" என்றார். "அதுல இருந்து ஏர்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே காலி பண்ணிடுவேன், இறங்கினப்புறம்தான் மறுபடி நிரப்புவேன். விமானத்துல போற எவனும் இதை நிரப்பி எடுத்துட்டுப் போகமாட்டான் சார். ஒருதடவை பட்டாலே போதும்."

நேற்று எங்கே இருந்தீர்கள் என்றதும் போனை எடுத்துக் காட்டினார். நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு ஹைதராபாத் ஆபீசில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வெட்டுகிறார்கள். நடுவில் இவர், முகத்தில் கிரீம்.

என் யோசனையெல்லாம் புஸ்ஸென்று போனது. பாஸ் மட்டும் அந்தக் கவரைப் பிரித்து மோந்து பார்த்தார். புதினா.

"மாம்பழ வாசனை உங்ககிட்ட இல்லையா?" என்று கேட்டார்.

சுனில் இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் தலையாட்டுவதை நிறுத்தினார்.

அவர் வாயிலிருந்து மீதியைப் பிடுங்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. போன மாதம் அவர் மனைவி தேன்மொழி, பாலசுந்தரத்தின் ஒரே மகள், ஒரு வேப் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். அப்பா சிகரெட்டை அடியோடு விடவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவரால் முடியவில்லை, இதையாவது கொடுத்துப் பார்க்கிறேன் என்றாளாம். மாம்பழ வாசனை போட்டு இவர்தான் வாங்கித் தந்தார். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனால், ஐ.சி.யூ. வாசலிலேயே அவள் இவரைப் பார்த்துக் கத்தினாள். நீயும் உன் சாமானும், என் கண்முன்னால் நிற்காதே, ஊருக்குப் போ என்று. ஏன் என்று இவருக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே கிளம்பி வந்துவிட்டார்.

"நீங்க உள்ள போங்க" என்றார் பாஸ். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் விமானத்தைத் துரத்திக்கிட்டு வந்தேன், சங்கரி" என்றார். "விமானத்துல போறவனுக்குத்தான் இது ஒழுகும்னு தெரியும். தெரியாதவங்க, அலிபிரியில இருந்து கார்ல போறதை உயரம்னே நினைக்கமாட்டாங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் நோயாளியின் சாமான் பட்டியலைக் காட்டினார். கடிகாரம் ஒன்று, மோதிரம் ஒன்று, பட்டு வேட்டி ஒன்று, மேல்துண்டு ஒன்று, பேனா ஒன்று. எல்லாம் மகளிடம் ஒப்படைத்தாகிவிட்டது, மகள் கையெழுத்தும் இருந்தது.

பாஸ் பட்டியலில் விரல் வைத்தார். பட்டு வேட்டி, மேல்துண்டு. சட்டை கிடையாது, பாக்கெட் கிடையாது. பேனாவை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டார்.

"வலது கையில சார். கெட்டியா மூடியிருந்தாரு. ரெண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரிச்சோம்" என்றார் நர்ஸ்.

மணி மூன்றரை.

தேன்மொழி ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்கு எதிர் நாற்காலியில் இருந்தாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நாங்கள் யார் என்று சொன்னதும் பிடி இன்னும் இறுகியது. பாஸ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யமுனா எதிர்ச் சுவரோரம் நின்றாள். அவள் யார் என்று நாங்கள் சொல்லவில்லை.

"உங்க அப்பா கையில இருந்தது பேனா இல்லை. அது உங்க பையில இருக்கு" என்றார் பாஸ். "அதை முடிச்சுக்குள்ள வெச்சு முடிஞ்சது யாரு? அவரா, நீங்களா?"

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு, "நான்தான்" என்றாள்.

அப்புறம் கொட்டிவிட்டாள். அப்பாவால் நாலு மணி நேரம் தாங்க முடியாது. சிகரெட் எடுத்துப்போய் அலிபிரியில் பிடிபட்டால் தர்மகர்த்தாவின் மானம் போய்விடும். சாமி முடிச்சை யாரும் அவிழ்க்கமாட்டார்கள் என்று இவள்தான் யோசித்தாள். பூஜை அறையில் பழைய முடிச்சை அவிழ்த்து, பவுன் காசோடு அந்தச் சாமானையும் வைத்து மறுபடி முடிந்தாள். அப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

"போலீஸ் அந்தத் துணியைக் காட்டினாங்க சார். பெருமாளுக்கு முடிஞ்ச துணி. நான் அதுக்குள்ள அந்தக் கருமத்தை வெச்சேன். ரத்தமா வந்து நின்னுது. அப்பாவும் அதைப் பார்த்திருப்பார். பார்த்துதான் விழுந்திருப்பார். நான் வாயைத் திறந்தா பெருமாள் அவரைக் கொண்டுபோயிடுவானோன்னு பயந்துபோயிட்டேன்."

எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தோடு பரிதாபமும் கலந்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாஸ் கையை நீட்டினார். அவள் பையைத் திறந்து அதைக் கொடுத்தாள். கருப்பு நிறம், சுண்டுவிரல் கனம். தொட்டியில் கால் பங்கு லிக்விட் இருந்தது. கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் இருந்தார், அவர் காலடியில் தட்டில் மஞ்சள்தூள் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன்.

தினசரித் தாளின் வெள்ளை ஓரத்தில் மஞ்சளைத் தேய்த்து, வேப்பைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள் மெதுவாகச் சிவந்தது.

"ரத்தம் இல்லம்மா. சாமி குத்தமும் இல்லை" என்றார். "மலைக்குக் கீழயே தொட்டி பாதி காலியா இருந்தது. காத்து உள்ள அடைஞ்சிருந்தது. மலை ஏறினதும் அந்தக் காத்து விரிஞ்சு இதை வெளியே தள்ளிச்சு. மஞ்சள்ல பட்டுச்சு, சிவந்துச்சு. உங்க அப்பாவும் உங்களை மாதிரியே பயந்தாரு. ஆபரேஷன் ஆன உடம்பு. துணியை விட்டெறிஞ்சுட்டு எழுந்து வெளியே வந்தாரு, தலை சுத்தி விழுந்தாரு. அவரை யாரும் தள்ளலை."

தேன்மொழி அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை அப்பா பேர் வராமல் சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டாள். தர்மகர்த்தா முடிச்சுக்குள் வேப் வைத்து மலைக்குப் போனார் என்று ஊரில் தெரிந்தால், அவர் பிழைத்தாலும் தெருவில் நடக்கமாட்டார் என்றாள்.

என் மூன்றாவது வேலையை நான் அப்போது ராஜினாமா செய்தேன்.

"அங்க ஒருத்தரு முட்டி வீங்கி, உக்கார முடியாம நிக்கிறாரு. உங்க அப்பாவைத் தூக்கிக்கினு மலை எறக்கினவரு. அவருக்குத் தெருவுல நடக்க வேணாமா?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற யமுனாவைப் பார்த்தாள். யார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மணி நாலு பத்து" என்றார் பாஸ். "நான் போய்ச் சொன்னா, இன்ஸ்பெக்டர் அதையும் வித்தைம்பாரு. முடிச்சு போட்டவங்க சொல்லணும்."

தேன்மொழி கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்தாள். டியூப்களுக்கு நடுவில் வெளுத்த தாடை மட்டும் தெரிந்தது. அவள் எழுந்து நர்ஸிடம், அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன் என்றாள்.

நான் அன்று ஓட்டிய மாதிரி கார் ஓட்டினால் என் லைசென்ஸைப் பிடுங்கவேண்டும். ஸ்டேஷன் தெருவில் திரும்பியபோது ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தரணி பின்பக்கம் ஏறிவிட்டான், மடக்க முடியாத காலை வெளியே நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நான் ஜீப்புக்கு முன்னால் காரைக் குறுக்கே போட்டேன். ரமணா கீழே இறங்கி என்னைத் திட்டத் தொடங்கினார். அதற்குள் தேன்மொழி இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

உள்ளே எழுதி வாங்க முக்கால் மணி நேரம் ஆனது. அவள் எதையும் மறைக்கவில்லை, அப்பா பேரையும்தான். ரமணா தன் கையாலேயே பத்திரிகையின் இன்னொரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சிவந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். மலைமேல் கார் நிறுத்துமிடத்து கேமரா பதிவை முழுசாகப் பார்க்கச் சொல்லி யாருக்கோ போன் செய்தார். வெந்நீர்க் கடை வரிசையில் தரணி நிற்பதும், கார்க் கதவைத் திறந்து பெரியவர் தானே தள்ளாடி இறங்குவதும் அதில் இருந்தது. நேற்றே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை என்பதை ரமணா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யமுனா மட்டும் அவரை நேராகப் பார்த்தாள், அவர் பைலைப் புரட்டினார்.

தரணியை விட்டார்கள். யமுனா அவன் கையைத் தன் தோள்மேல் போட்டுத் தாங்கிக்கொண்டாள். வாசல் படியில் தேன்மொழி நின்றிருந்தாள். தரணி அவளைப் பார்த்ததும் நின்றான்.

"ஐயா கண்ணு தொறந்தாராம்மா?" என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பதறிப்போய் பின்னால் நகரப் பார்த்து, முட்டி மடங்காமல் தடுமாறினான். யமுனா அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றாள் யமுனா. காலையிலிருந்து எங்களோடு சுற்றியவள், அவ்வளவு நேரமும் அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாதவள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொருளு உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"நேத்து" என்றாள் தேன்மொழி. "சாயங்காலம் ஆறு மணிக்கு."

யமுனா தோள்மேல் இருந்த புருஷன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இவரு ஏழரை வரைக்கும் ஆஸ்பத்திரியிலதாம்மா இருந்தாரு. உங்க நாற்காலிக்குப் பக்கத்துலயே, ஐயாவுக்கு இன்னா ஆச்சோன்னு நின்னுக்கினு இருந்தாரு. அங்க இருந்துதான் போலீஸ் இட்டுக்கினு போனாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். புருஷனைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கி, எங்கள் கார்க் கதவைத் திறந்தாள்.